நாகமலை பக்கம் சொந்தமாக நின்று வீடு கட்டுகிறோம்: ஏசி, சோலார், ஏஏசி கல்... எதில் முதலில் காசு போடுவது?

புதுக்கோட்டை_வாசி

எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் நாகமலை புதுக்கோட்டை தாண்டி நாலு சென்ட் மனை வாங்கிப் போட்டு வருடங்கள் ஆகிவிட்டன. தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாம் என்று இருக்கிறோம். மேற்குப் பார்த்த மனை. ரோட்டுப் பக்கம் 30 அடி, உள்ளே 58 அடி. கீழ்த்தளம் மட்டும், 1,100 சதுர அடி போல வரும். மொத்த கான்ட்ராக்ட் விடவில்லை. மேஸ்திரியிடம் கூலி மட்டும் பேசி, சாமான் எல்லாம் நாங்களே வாங்கிப் போடுகிறோம். அப்பா ரிட்டயர்டு, அவர்தான் சைட்டில் நிற்பார்.

வீடு சூடாக இருக்கக் கூடாது, கரண்ட் பில் கையைக் கடிக்கக் கூடாது, இந்த இரண்டும்தான் எங்கள் ஆசை. இப்போது எல்லீஸ் நகரில் மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். சித்திரையில் ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். ப்ளான் போட்டுக் கொடுத்தவர் ஏஏசி கல்லில் (காற்றுக் குமிழி நிறைந்த, எடை குறைந்த சிமெண்ட் கல்) சுவர், இரண்டு ரூமுக்கு ஏசி, மாடியில் மூன்று கிலோவாட் சோலார் என்று எழுதியிருக்கிறார். மேஸ்திரியோ "சேம்பர் செங்கல் போடுங்க சார், மத்ததெல்லாம் வேஸ்ட்" என்கிறார், சேம்பர் சூளையில் சுட்ட கல்லைச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் கையில் காசு இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் தள்ளுவது? கட்டிக் குடியிருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கம்பி_எண்ணுபவன்

ஸ்ட்ரக்சுரல் வேலை பார்ப்பவன், பெயரை வைத்து வேறு ஏதும் நினைக்க வேண்டாம்.

நல்ல சேதி ஒன்று. மேற்குப் பார்த்த மனை என்று நீங்கள் தயங்குகிறீர்கள், ஆனால் மனையின் நீளம் கிழக்கு மேற்காகப் போகிறது. அப்படியென்றால் வீட்டின் நீளச் சுவர் இரண்டும் தெற்கையும் வடக்கையும் பார்க்கும், சாயங்கால வெயிலை வாங்குவது 24, 25 அடிச் சுவர் ஒன்றுதான். தெற்குப் பார்த்த மனை வாங்கி, 50 அடிச் சுவரை மேற்கு வெயிலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே. இடையில் மே, ஜூன், ஜூலையில் அது வடக்கே சாய்ந்திருக்கும். இது தெரியாமல் வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு எதற்கு என்று வெட்டிவிடுகிறார்கள். தெற்கே சூரியன் இறங்குவது ஆவணிக்கு மேல்தான், டிசம்பரில்கூட நடுப்பகலில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேடு போட்டால் தெற்கு ஜன்னலில் பெரும்பகுதி நிழலுக்குள் வந்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் அந்தக் கதை நடக்காது. வெயில் படுக்கை வாக்கில் வரும், சன்ஷேடுக்குக் கீழே நேராக உள்ளே நுழையும்.

இது சுவரின் கதை. ஆனால் ஒரு மாடி வீட்டில் சூட்டின் பெரும்பங்கு மேலேயிருந்துதான் வருகிறது. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வெயிலில் கிடப்பது மொட்டை மாடி மட்டுமே. கான்கிரீட் தளத்தின் மேல்பக்கம் மதியம் இரண்டு மணிக்கு ஏறும் சூடு கீழ்ப்பக்கத்துக்கு வர நாலு மணி நேரம் போல ஆகும். அதனால்தான் நீங்கள் ஆபீஸ் விட்டு வரும்போது கூரை கொதிக்க ஆரம்பித்து, தூங்கப் போகும் வரை அனல் அடிக்கிறது. ஏசியில், ஃபிரிட்ஜில் ஸ்டார் ஒட்டுகிறார்களே அந்த பிஇஇ, 2018-ல் வீடுகளுக்கென்று ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. அதில் கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு யு-மதிப்பு என்று ஓர் அளவு, உச்ச வரம்பு 1.2. நம் ஊரில் போடும் வெறும் ஐந்து அங்குலத் தளத்துக்கு அது 3.5-க்கும் மேலே போகிறது. மூன்று மடங்கு. இதைச் சரி பண்ணாமல் ஏசி மாட்டினால், கூரை அனுப்பும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதற்கே ராத்திரி முழுக்க கரண்ட் ஓடும்.

என் கணக்கு இதுதான்: முதலில் கூரை. இரண்டாவது மேற்குச் சுவரும் ஜன்னல் நிழலும். மூன்றாவது ஃபேன். அப்புறம்தான் ஏசி, சோலார் எல்லாம்.

கரிசக்காட்டான்

நான் திருமங்கலத்துக்குத் தெற்கே. மண் பார்த்தீர்களா? நாகமலைப் பக்கம் அநேகமாகச் செம்மண்ணும் சரளையும்தான், ஆனாலும் நாலு சென்டுக்குள்ளேயே மண் மாறிய இடங்கள் உண்டு. எங்கள் பக்கம் கரிசல். மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும், மூன்றடி வானம் தோண்டிக் கல்லைப் போட்டவன் வீட்டில் லிண்டலுக்கு மேலே விரல் போகிற அளவு விரிசல். அண்டர் ரீம்டு பைல் (ஆழமாக இறக்கி அடியில் அகலப்படுத்திய கான்கிரீட் தூண்) போட்டுத்தான் நாங்கள் எழுப்புகிறோம். அந்தச் செலவு தெரியாமல் சோலார் பேசி என்ன பிரயோஜனம். முதலில் மண் பரிசோதனை, அப்புறம் மற்றது.

துபாய்_ரிட்டர்ன்

கூரை விஷயத்தில் இன்ஜினியர் சாருடன் சண்டையில்லை. ஆனால் ஏசி வேண்டாம் என்பது போல யாரும் ஆரம்பிக்காதீர்கள். வைகாசியில் ராத்திரியே 26, 27-க்குக் கீழே இறங்காத ஊர் இது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. நான் கல்ஃபில் சைட் பார்த்தவன், ஏசி ஓடும் ரூமுக்குச் சுவர் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். எட்டு அங்குல ஏஏசி சுவருக்கு யு-மதிப்பு 0.8-ஐ ஒட்டி வரும், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவருக்கு 2 பக்கம். பாதிக்கும் கீழே. எடையும் செங்கலில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் பீம், ஃபுட்டிங் கம்பியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். மேஸ்திரிகள் ஏஏசி வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம், அவர்களுக்கு அதில் கை பழகவில்லை. அவர் சௌகரியத்துக்கு நாம் ஏன் முப்பது வருடம் சூட்டில் கிடக்க வேண்டும்?

மேலூர்_பங்காளி

துபாய்க்காரர் சொல்வதில் பாதி சரி. கை பழகாததுதான் காரணம், அதுவே பெரிய காரணம். ஏஏசி கல்லுக்கு அதற்கென்று உள்ள பசைக் கலவையை மூன்று மில்லி கனத்தில் தடவி ஒட்ட வேண்டும். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் அரை இஞ்ச் சிமெண்ட் கலவையை வைப்பார்கள், கல் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கலவை செத்துப்போகும். தூணும் கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் அடுத்த கோடையிலேயே மயிர்க்கோடாக வெடிப்பு ஓடும். டிவி, கெய்சர், லாஃப்ட் பலகை மாட்ட சாதாரண ஆணி நிற்காது, அதற்கென்று தனி ஆங்கர் போட வேண்டும். இதையெல்லாம் கூடவே நின்று பார்க்க ஆள் இருந்தால் ஏஏசி நல்ல சாமான்தான். மேஸ்திரி முதல்முறையாக உங்கள் வீட்டில் கற்றுக்கொள்கிறார் என்றால் யோசியுங்கள்.

செங்கலுக்குப் போவதானால் லாரி இறக்கும்போதே பாருங்கள். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டு மறுபடி எடை போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறக் கூடாது. அப்படி ஏறினால் லோடைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறது, சாமான் நாமே வாங்குவதில் இருக்கும் ஒரே சுகம் அதுதான்.

கம்பி_எண்ணுபவன்

இரண்டு பேரும் வேறு வேறு வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். கதவை அடைத்து ஏசி போடும் ரூமுக்குக் கனமில்லாத, வெப்பம் கடத்தாத சுவர் நல்லது. சீக்கிரம் குளிரும், குளிர் நிற்கும். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தி, ராத்திரி திறந்து ஃபேனில் காலம் தள்ளும் வீட்டுக்குக் கனமான செங்கல் நல்லது, ஆனால் அந்தச் செங்கலில் வெயில் படக் கூடாது. வெயில் பட்ட ஒன்பது இஞ்ச் மேற்குச் சுவர் சாயங்காலம் வாங்கிய சூட்டை ராத்திரி ஒன்பதிலிருந்து நடுநிசி வரை உள்ளே கக்கும்.

புதுக்கோட்டை சார், நீங்கள் எந்த வீடு? அதைச் சொன்னால்தான் கல்லைச் சொல்ல முடியும்.

புதுக்கோட்டை_வாசி

பகலில் அம்மா அப்பா மட்டும், ஃபேன்தான், ஏசி அவர்களுக்கு ஆகாது. ராத்திரி எங்கள் ரூம் ஒன்றில் மட்டும் ஏசி. அதில்தான் இப்போது சிக்கல். எங்கள் ரூம் கன்னி மூலையில்தான் வர வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். தென்மேற்கு என்றால் தெற்கு வெயில், மேற்கு வெயில் இரண்டும் அதற்குத்தானே? சாஸ்திரத்தை மாற்றச் சொல்லி அவரிடம் என்னால் பேச முடியாது, சைட்டில் நிற்கப் போவதே அவர்தான்.

ஆரப்பாளையம்_அக்கா

தம்பி, பெரியவரை மாற்ற வேண்டாம், சுவரை மாற்றுங்கள். எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்து நடந்தது. மேற்கு ஓரத்தில் தென்மேற்காக மாடிப்படியை வெளியே கொண்டு வந்துவிடுங்கள். கன்னி மூலையில் கனம் இருக்கலாம் என்று சாஸ்திரக்காரர்களே சொல்வார்கள், படிக்கட்டைவிடக் கனம் ஏது? அதற்குக் கிழக்கே ஒட்டினாற்போல உங்கள் ரூம். படிக்கட்டு வெயிலை வாங்கிக்கொள்ளும், ரூம் சுவர் நிழலில் நிற்கும். வடமேற்கு வாயு மூலையில் பாத்ரூம், நடுவில் போர்ட்டிகோ. ஆக மேற்கு முகம் முழுக்க ஆள் படுக்காத இடமாகிவிட்டது. அதையும் மீறி ரூமில் மேற்குச் சுவர் வந்தால் அதில் தரை முதல் கூரை வரை பீரோ அலமாரி அடித்துவிடுங்கள். துணிமணி வெயிலைத் தாங்கும், நாம் தாங்க மாட்டோம்.

ஜன்னலைப் பற்றி யாருமே பேசவில்லையே, ஆண்கள் கூட்டம் என்பது தெரிகிறது. இப்போது எல்லாரும் ஸ்லைடிங் ஜன்னல் போடுகிறார்கள். ஐந்தடி ஜன்னல் வாங்கினால் திறப்பது இரண்டரை அடி, மீதி கண்ணாடி. அதற்கு மேல் கொசுவலை. காற்றில் பாதியை வலை தின்றுவிடும். பழைய மாதிரி வெளியே திறக்கும் கதவு ஜன்னல்தான் முழுசாகத் திறக்கும். ஒரு ரூமுக்கு இரண்டு பக்கச் சுவரில் ஜன்னல் இருக்க வேண்டும், ஒன்றில் நுழைந்து ஒன்றில் வெளியே போனால்தான் அது காற்று. ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று உங்கள் பக்கம் மலையைத் தழுவி நன்றாகவே வரும், மண்ணையும் கூடவே கொண்டு வரும், அதனால் மேற்கே பெரிய ஜன்னல் வேண்டாம், சின்னதாக இரண்டு மூடித் திறக்கிற மாதிரி போதும். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரையை ஒட்டி வையுங்கள், அடுப்புச் சூட்டை வீட்டுக்குள் சுற்ற விடக் கூடாது.

இன்னொன்று. காரைக்குடி வீடு பார்த்துவிட்டு வந்து எல்லாருக்கும் முற்றம் ஆசை. நாலு சென்டில் முற்றம் வைப்பது தப்பில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒருத்தர் ஐப்பசி மழைக்குப் பயந்து முற்றத்து மேலே பாலிகார்பனேட் ஷீட்டை மூடிவிட்டார். மேலே கண்ணாடி மாதிரி வெளிச்சம் இறங்கும், சூடு ஏற வழியில்லை. பகல் பன்னிரண்டுக்கு அந்த ஹாலில் நின்றால் இட்லிக் கொப்பரைக்குள் நிற்பது போல இருக்கும். முற்றம் என்றால் சூட்டுக் காற்று மேலே போக வழி இருக்க வேண்டும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஓர் அடி உயர்த்தி, நாலு பக்கமும் வலை அடித்துத் திறந்து விட்டு, அப்புறம் மூடுங்கள்.

மட்டுறுத்துநர்

"கூல் பெயின்ட் ஒரே நாளில் 15 டிகிரி குறையும், அழைக்கவும்" என்று போன் நம்பருடன் வந்த பதிவு நீக்கப்பட்டது. விளம்பரம் வேண்டாம், இரண்டாவது முறையாகச் சொல்கிறேன்.

விளாங்குடி_விசிறி

நீக்கினது சரி, ஆனால் கூல் பெயின்ட் வேலை செய்யுமா செய்யாதா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

கம்பி_எண்ணுபவன்

வெள்ளை அடித்தால் வேலை செய்யும், பெயின்ட் கம்பெனி சொல்கிற அளவுக்கு இல்லை. புதிதாக அடித்த வெள்ளைக் கூரை வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பில் கோந்து கலந்து அடித்தாலும் அதே வேலைதான், செலவு சொற்பம். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்று குளிர்கூரைக் கொள்கையே அறிவித்தது. பிரச்சினை என்னவென்றால் தூசி. நம் ஊர்ப் புழுதிக்கு ஒரு வருடத்தில் வெள்ளை பழுப்பாகிவிடும், மழைக்குப் பிறகு பாசி வேறு. ஒவ்வொரு மாசியிலும் கழுவி மறுபடி அடிப்பவர்களுக்கு அது பலன் தரும். ஆகவே அது பராமரிப்பு, காப்பு இல்லை.

புதுக்கோட்டை சாருக்குக் கூரையில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பழைய முறை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் நாலு அங்குலம் தட்டி, மேலே தட்டோடு. நன்றாகச் செய்தால் நீர் ஒழுகாது, சூடு இறங்குவதும் தாமதமாகும், ஆனால் அது மட்டும் அந்த 1.2 வரம்பைத் தொடாது. சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை வேறு, அதை ஸ்லாப் டிசைன் பண்ணும்போதே சொல்ல வேண்டும். இப்போது செங்கல் ஜல்லியைக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கத் தெரிந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். இரண்டு, தளத்துக்கு மேல் வாட்டர்ப்ரூஃப் பூசி, அதன் மேல் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் ஷீட், அதன் மேல் வலை போட்ட கான்கிரீட் பூச்சு, அதன் மேல் வெள்ளை டைல். எக்ஸ்பிஎஸ் என்பது தெர்மாகோல் ஜாதிதான், ஆனால் கெட்டி, தண்ணீர் குடிக்காது. இது யு-மதிப்பை ஒன்றுக்கும் கீழே கொண்டு வந்துவிடும். மூன்றாவது, உள்ளே ஃபால்ஸ் சீலிங். அதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன், வெயிலைத் தளத்துக்கு மேலேயே நிறுத்துவதுதான் சரி, உள்ளே வர விட்டு அப்புறம் மறைப்பதில் தளமும் வெந்து விரிந்து சுருங்கி வெடிக்கும்.

மேலூர்_பங்காளி

நாலாவது வழியை விட்டுவிட்டீர்களே அண்ணே, ஃபில்லர் ஸ்லாப். எங்கள் வீடு அப்படித்தான். தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட் சும்மா கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் இல்லை. அந்த இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே இரண்டிரண்டு மண் ஓடுகளை முகத்துக்கு முகம் சேர்த்து வைத்தோம், உள்ளே காற்று நிற்கும். மானாமதுரைச் சட்டியைக் கவிழ்த்து வைப்பவர்களும் உண்டு. கான்கிரீட் நன்றாகவே மிச்சமாகும், கீழேயிருந்து பார்க்க அழகு, பூச வேண்டியதில்லை.

சுவரும் எலிப்பொறிக் கட்டுதான். கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. அதே ஒன்பது இஞ்ச் கனம், ஆனால் கல் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மிச்சம், நடுவில் இருக்கும் காற்று சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். இந்த இரண்டையும் கேரளத்தில் பரப்பியவர் லாரி பேக்கர், இங்கிலாந்தில் பிறந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் மறைந்தவர். அங்கே இவருடைய முறையில் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஆரம்பித்தோம்.

மேஸ்திரி முதல் நாள் சிரித்தார். "பொந்து விட்டுக் கட்டுன செவுரு நிக்குமா தம்பி" என்றார். ஒரு மூலையை மட்டும் நாலு வரிசை கட்டச் சொல்லி, காய்ந்த பிறகு அவரையே கடப்பாரையால் தட்டிப் பார்க்கச் சொன்னோம். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன், கல் ஒரே அளவாக இருக்க வேண்டும், சேம்பர் கல் தவிர வேறு சரிப்படாது. கரண்ட் பைப் எங்கே போகிறது என்று கட்டும்போதே தெரிந்திருக்க வேண்டும், பின்னால் வந்து சுவரை வெட்டினால் பொந்துதான் வரும்.

கம்பி_எண்ணுபவன்

ஃபில்லர் ஸ்லாப் நல்ல முறைதான், அதைச் சூட்டுக்கு மருந்தாக மட்டும் நினைக்காதீர்கள். ஓடுகளுக்கு இடையில் கான்கிரீட் வரி ஓடுகிறதே, அதன் வழியாகச் சூடு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பங்காளி வீட்டில் மேலே வேறு என்ன போட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

மேலூர்_பங்காளி

தட்டோடு. அதற்கு மேல் வருடா வருடம் சுண்ணாம்பு. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

விளாங்குடி_விசிறி

சோலார் பக்கம் யாரும் வரவில்லையே. மானியம் இருக்கும்போதே போட்டுவிட்டால் ஏசியை எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்கிறார்களே? கரண்ட் போனாலும் கவலையில்லை.

மீட்டர்_மாமா

கடைசி வரி தப்பு. ஈபி லைனோடு இணைந்த சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கிறவனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் கட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு வேறு மாதிரி இன்வெர்ட்டர் வாங்க வேண்டும், விலையும் வேறு.

மானியம் 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட் போல வரும், சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். வாட்டர் டேங்கை மாடியின் தென்பக்கம் தூக்கி வைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் பேனல் மேல் நிழல் விழுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. டேங்கை வடக்கே வையுங்கள். வாஸ்துவில் தண்ணீர்த் தொட்டி தென்மேற்கு என்பார்கள், அப்படியானால் பேனலை அதிலிருந்து தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் சோலார் போடுவதற்கு முன்னால் பில்லைப் பாருங்கள். நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடும். ஆகவே 520 வருகிற வீட்டை 480-க்குக் கொண்டு வருவதில்தான் நிஜமான மிச்சம். அதற்குச் சோலார் தேவையில்லை. பழைய ஃபேன் 75 வாட் தின்னும், பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் ஃபேன் 28 வாட்டில் சுற்றும். ஐந்து ஃபேன், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 169 யூனிட் வித்தியாசம். பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஏசி வாங்கினால் ஸ்டாரைப் பாருங்கள், 24-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விடுங்கள், 18-ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்துகிற வீடுகளை நான் மீட்டர் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.

கட்டும்போது ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை ஒரு காலி பைப்பைச் சுவருக்குள் விட்டு வையுங்கள். சோலார் எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

துபாய்_ரிட்டர்ன்

சோலார் வாட்டர் ஹீட்டரும் வேண்டாமா? அதுவும் மொட்டை மாடியில்தானே.

மீட்டர்_மாமா

போர் தண்ணீரா, கார்ப்பரேஷன் தண்ணீரா என்பதைப் பொறுத்தது. உப்புத் தண்ணீர் என்றால் குழாயில் படிந்து படிந்து அடைத்துக்கொள்ளும். மதுரையில் வெந்நீர் தேவைப்படுவது மார்கழி தையில், அதுவும் பெரியவர்களுக்கு. இரண்டு கிலோவாட் கெய்சரைக் கால் மணி நேரம் போட்டால் அரை யூனிட். அதற்காக அவ்வளவு பெரிய சாமானை மாடியில் ஏற்ற வேண்டுமா என்று யோசியுங்கள்.

கரிசக்காட்டான்

இம்புட்டும் பேசிவிட்டு ஆளைப் பற்றிப் பேசாமல் விடலாமா? கூலி மட்டும் கொடுத்துக் கட்டும்போது எங்கே காசு ஓடும் என்று சொல்கிறேன். கொத்தனாரும் நிமிந்தாளும் சித்தாளும் வந்து நின்றபிறகு "சிமெண்ட் இல்லை சார்" என்றால் அந்த நாள் கூலி தண்டம். எம்-சாண்ட் யூனிட் கணக்கில் வரும்போது லாரியை டேப் வைத்து அளந்துவிட்டு இறக்குங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மேலே தண்ணீர், குலுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் மேலே படியும் சேறு தெரியும். அடர்த்தியாகப் படிந்தால் அது பூச்சுக்கு ஆகாது.

அப்பா சைட்டில் நிற்பார் என்றால் அவருக்கு முக்கிய வேலை தண்ணீர் விடுவதுதான். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அதற்கு ஏழு நாள் தண்ணீர் போதாது, 14 நாள் ஈரம் காயக் கூடாது. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துங்கள். தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனையுங்கள், தூணைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மழைநீர்த் தொட்டிக்குக் குழாய் இறங்கும் இடத்தைப் பேஸ்மட்டம் போடும்போதே குறித்துவிடுங்கள், 2003-லிருந்து அது சட்டம், கடைசியில் தார்ரோட்டை வெட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆரப்பாளையம்_அக்கா

அனுமதி வாங்கியாயிற்றா தம்பி? 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500-க்குள் கட்டடம் என்றால் ஆன்லைனிலேயே கிடைத்துவிடும். அலைய வேண்டியதில்லை. ஆனால் ப்ளானில் காட்டியதைத்தான் கட்ட வேண்டும், படிக்கட்டை நகர்த்துவதென்றால் விண்ணப்பிக்கும் முன்னாலேயே நகர்த்துங்கள்.

புதுக்கோட்டை_வாசி

எல்லாருக்கும் நன்றி, இத்தனை விவரம் வரும் என்று நினைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். படிக்கட்டு தென்மேற்கில் வெளியே, எங்கள் ரூம் அதற்குக் கிழக்கே. அப்பாவுக்கு இதில் பரம திருப்தி, தானே கண்டுபிடித்த மாதிரி சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுவர் சேம்பர் செங்கல்தான். எங்கள் ஒரு ரூமுக்கு மட்டும் வெளிச் சுவரை ஏஏசியில் கட்டலாமா என்று யோசனை. கூரைக்கு எக்ஸ்பிஎஸ்ஸும் வெள்ளை டைலும். சோலாருக்குப் பைப் மட்டும், பேனல் அடுத்த வருடம். ஏசி ஒன்று. ஃபேன் எல்லாம் பிஎல்டிசி. ப்ளான்காரர் முகம் கொஞ்சம் வாடித்தான் போச்சு. மண் பரிசோதனைக்குச் சொல்லியாகிவிட்டது.

கம்பி_எண்ணுபவன் சாருக்கு ஒரே ஒரு கேள்வி. எக்ஸ்பிஎஸ் ஷீட் இப்போது விலை குறைவாகக் கிடைக்கிறது. இப்போதே வாங்கி மனையில் போட்டு வைக்கலாமா? தளம் போட ஐந்தாறு மாதம் ஆகும்.

கம்பி_எண்ணுபவன்

ஒரு ரூமுக்கு மட்டும் ஏஏசி என்றால், தூண் பீம் போட்ட கட்டடமாக இருந்தால் செய்யலாம். செங்கலும் ஏஏசியும் சேரும் இடம் தூணில்தான் வர வேண்டும், சுவர் நடுவில் வரக் கூடாது, அந்தச் சந்தில் இரண்டு பக்கமும் வலை அடித்துப் பூசச் சொல்லுங்கள். சுவரே பாரம் தாங்குகிற கட்டடம் என்றால் வேண்டாம், முழுக்கச் செங்கலாகவே போய்விடுங்கள். மேற்கே படிக்கட்டு நிழல் வந்தபிறகு அந்த ரூமுக்கு ஏஏசி அவசியமும் இல்லை.

தளத்தின் மேல் பூச்சு, டைல், எக்ஸ்பிஎஸ் எல்லாம் சேர்ந்து மூன்றரை, நாலு அங்குலம் உயரும். கைப்பிடிச் சுவரையும் மாடிக் கதவு நிலையையும் அந்த அளவுக்கு உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயும் அந்த மட்டத்துக்கு வர வேண்டும்.

ஷீட்டை இப்போது வாங்க வேண்டாம். வெயில் பட்டால் மேல்பக்கம் மஞ்சளாகி மாவு மாதிரி உதிர ஆரம்பிக்கும். விலைக்காக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மனையில் போடாதீர்கள், யார் வீட்டிலாவது நிழலில், மேலே பாரம் வைக்காமல் படுக்கையாக அடுக்கி வையுங்கள். பக்கத்தில் வெல்டிங் வேலை நடக்கக் கூடாது, பொறி விழுந்தால் பிடித்துக்கொள்ளும்.